தையல் மெஷின் டிராயரில் இருந்த சீட்டு

கும்பகோணம்
9.11.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. மூட்டு வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் எடுத்து நடத்தும் மலிவு விலை முதல்வர் மருந்தகத்தில் மாதத்தின் முதல் வாரம் கூட்டம் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் கடை திறந்தபோது, இது எத்தனை நாள் ஓடும் என்று நாம் இருவரும் சந்தேகப்பட்டோம். ஓடுகிறது என்றால் அந்தப் பிள்ளையின் உழைப்பும் அதில் இருக்கிறது. என் ஆசீர்வாதத்தைச் சொல்.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் என் தங்கச்சி சரோஜா. நாம் மதுரையில் பார்மசி டிப்ளமோ படித்த காலத்தில், லீவுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் அடை சுட்டுப் போடுவாளே, அந்தச் சரோஜாதான். மாப்பிள்ளை போனபிறகு தையலை வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறாள். சர்க்கரை வந்து பதினோரு வருஷம், பி.பி. ஆறு வருஷம். இரண்டுக்கும் ஜி.எச்.சில்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆவணியிலிருந்து பாதம் எரிகிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்றாள். பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி, என்னிடம் சொல்லாமல் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். கவுன்டரில் நானூறு ரூபாய் கட்டி, இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனாளாம்.

உனக்குத் தெரியுமே, இப்போதெல்லாம் ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்த டோக்கனையும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். டாக்டர் ஆறு மருந்து எழுதி நீட்டினார். இவள் சீட்டை வாங்கிக்கொண்டு, "சார், கொஞ்சம் விலை கம்மியா இருந்தா எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். பதினோரு வருஷ நோயாளி கேட்கவேண்டிய நியாயமான கேள்வி.

"என்ன தொழில் பண்றீங்க?"

"தையல் சார்."

"மாசம் என்ன கிடைக்கும்?"

"ஏழாயிரம், எட்டாயிரம் வரும் சார்."

"எட்டாயிரத்த வச்சுக்கிட்டு இங்க ஏம்மா வந்தீங்க? நான் எழுதுற மருந்தெல்லாம் உங்க வருமானத்துக்குச் சரிப்படாது. ஜி.எச்.ல குடுக்கிறத வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருங்க."

சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அடுத்தவர் யார் தெரியுமா? சரோஜாவிடம் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த அம்மா. மறுவாரம் ரவிக்கைகளை வாங்க வந்தபோது, பேசின கூலிக்கு மேல் இருநூறு ரூபாய் வைத்து, "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, நல்ல மனசு. ஆனால் என் தங்கச்சி முப்பது வருஷமாகக் கூலியைப் பேசி, பேசின கூலியை நிமிர்ந்து வாங்கினவள். அந்த இருநூறு ரூபாயைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இன்னும் எடுத்துச் செலவு செய்யவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், நூல்கண்டு எடுக்க அவள் மெஷின் டிராயரைத் திறந்தேன். எட்டாக மடித்து அந்தச் சீட்டு கிடந்தது. மருந்து எங்கே என்று கேட்டேன். பத்து நாளைக்கு மட்டும் வாங்கி, அதை ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிட்டு முடித்திருக்கிறாள். அப்புறம் எதுவுமே இல்லை. பத்தொன்பது நாள் சர்க்கரைக்கும் இல்லை, பி.பி.க்கும் இல்லை. பழைய ஜி.எச். மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருக்கிறது. "அதை ஏன் விட்டாய்?" என்றேன். "அது ஒண்ணுக்கும் ஆகாதவங்களுக்குன்னு அவர் சொன்ன மாதிரி இருந்துச்சு அண்ணே" என்றாள். அன்று சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 318.

முப்பத்து நாலு வருஷம் நான் அந்த ஜி.எச். மாத்திரையைத்தான் ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சுந்தரம். அந்த வார்த்தை அவளை எவ்வளவு சுட்டதோ, என்னையும் அவ்வளவு சுட்டது. ஆயிரம் மாத்திரை டப்பாவைத் திறந்து, கையால் எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மாசக் கடைசியில் 'ஸ்டாக் இல்லை' என்று எழுதி ஒட்டிவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்போம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்து, அடுத்த வருஷம் சப்ளை வந்தபிறகுதான் நிலைமை மாறியது. மாத்திரை அட்டையில் வந்தது. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்ற அச்சோடு வந்தது. கிடங்குக்கு வரும் சரக்கில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விடுவார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. அதை ஒரு டாக்டரே வசதி இல்லாதவர்களுக்கான கழிவு மாதிரி பேசினால், பதினோரு வருஷம் அதைச் சாப்பிட்டுக் காலும் கண்ணும் கெடாமல் இருந்தவளுக்கு அதன் மேல் நம்பிக்கை எப்படி மிஞ்சும்?

நீ டாக்டர் பக்கமும் பேசுவாய், எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிற மனுஷன், களைப்பில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார் என்பாய். இருக்கலாம். வருமானத்தைக் கேட்டதையும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன். கேட்கத்தான் வேண்டும். நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கே குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருக்கிறதா என்று கேட்டுத்தானே கொடுக்கிறார்கள். சரோஜாவிடமும் அந்த அட்டை இருக்கிறது. ஐந்து லட்சம் வரை ஆபரேஷன், அட்மிஷன் என்று பார்த்துக்கொள்வார்கள், ஆனால் மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அது ஆகாது. நோயாளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதுகிற சீட்டு பாதி டிராயருக்குத்தான் போகும். என் ஆத்திரம் எதில் என்றால், எழுதி முடித்தபிறகு கேட்டார். கேட்டதை வைத்து ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மூன்றாவது ஆள் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்.

தாலுகா ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த ஒரு டாக்டரைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். திருபுவனம் பக்கத்துப் பட்டு நெசவாளர்கள்தான் அவருக்குப் பாதி நோயாளிகள். அவர் ஒருநாளும் வருமானம் என்ன என்று கேட்டதில்லை. "தறியில பாவு இருக்கா? இந்த மாசம் எத்தனை சேலை இறங்குச்சு?" என்று கேட்பார். பேனாவைத் திறக்கும் முன்னாலேயே கேட்பார். பாவு நூல் இல்லை, அதாவது நெய்ய வேலை இல்லை என்று சொன்னால், வெளியே வாங்க வேண்டிய மருந்தைச் சீட்டில் எழுதமாட்டார். என் ஜன்னலுக்கு வந்து, "நம்மகிட்ட இருக்கிறதுல எது இதுக்குக் கிட்ட வரும்?" என்று என்னைக் கேட்பார். நான் சொல்வதைக் கேட்டு, யோசித்து, அப்புறம் எழுதுவார். எல்லாரும் வண்ணாரப்பேட்டை ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன் மாதிரி வாழவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானூறு ரூபாய் வாங்கட்டும். அந்த நானூறு ரூபாயில் இந்த ஒரு நிமிஷமும் அடங்கவேண்டும் என்கிறேன்.

சீட்டுக்கு வருகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த ஒன்று, எம்பாகிளிஃப்ளோசின் ஒன்று, பி.பி.க்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, எரிச்சலுக்கு பிரிகாபலின் சேர்ந்த ஒன்று, ஒரு சத்து மாத்திரை. எல்லாம் பிராண்ட் பெயர். மாதத்துக்கு மூவாயிரத்து நூறு ஆகும் என்று கடையில் சொன்னார்கள். எம்பாகிளிஃப்ளோசின் நல்ல மருந்து, குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் காப்புரிமை இந்த மார்ச்சில் முடிந்துவிட்டது. மாத்திரை அறுபது ரூபாய் அளவில் விற்றது, இப்போது பத்து ரூபாய்க்குள்ளேயே பல கம்பெனியில் கிடைக்கிறது. சரோஜா விலை கம்மியாக என்று கேட்டபோது அவர் சொல்லவேண்டிய பதில் அது. அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

கம்பெனி வைக்கும் பிராண்ட் பெயரை அல்ல, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதவேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதியிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதையே கட்டாயம் என்று புதிய விதியாகக் கொண்டுவந்து, டாக்டர்கள் சங்கம் எதிர்த்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. எல்லாக் கம்பெனி சரக்கும் ஒரே தரமாக இருக்குமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீயும் நானும் கடையில் எத்தனை விதம் பார்த்திருக்கிறோம். அந்த விவாதம் நடக்கட்டும். அது முடியும்வரை, விலை கேட்கிற நோயாளியிடம் மரியாதையாகப் பதில் சொல்ல எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

நான் என் இஷ்டத்துக்கு எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை, பயப்படாதே. அடுத்த திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு ஜி.எச். சர்க்கரை ஓ.பி.க்குப் போனேன். இருபத்தெட்டு, முப்பது வயசுப் பெண் டாக்டர். சரோஜா தலை நிமிரவே இல்லை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தது. மெட்ஃபார்மின் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறாயே, பி12 சத்து எப்போதாவது பார்த்தார்களா என்று கேட்டது. பார்த்ததே இல்லை. பார்த்தால் நன்றாகக் குறைந்திருக்கிறது, எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் கொழுப்புக்கும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். பி12 ஊசியும் அங்கேயே. எம்பாகிளிஃப்ளோசினை மட்டும் வெளியே குறைந்த விலையில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. சத்து மாத்திரையை அடித்துவிட்டது. இப்போது மாதச் செலவு முன்னூறு ரூபாய்க்குள் நிற்கிறது. போன வாரம் சர்க்கரை 186. எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாலு மணி நேரமாவது தூங்குகிறாள்.

மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம் என்று நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். நடந்ததை அவள் வாயால் சொல்லி, அவள் கையெழுத்துப் போடவேண்டும். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மறுபடியும் அந்த எட்டாயிரத்தை நாலு பேருக்கு எழுதிக் கொடுக்கணுமா அண்ணே?" என்றாள். தாளை மடித்து வைத்துவிட்டேன். கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. ஆனால் அந்த டாக்டருக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். திட்டப் போவதில்லை. 318 என்ற எண்ணையும், பத்தொன்பது நாள் என்ற கணக்கையும், பி12 ரிசல்ட்டையும் எழுதப் போகிறேன். படிப்பாரா, கிழிப்பாரா என்பது அவர் பாடு.

அந்தக் கடிதத்தின் நகலை உனக்கு அனுப்புகிறேன். ஏதாவது சூடாக எழுதியிருந்தால் அடித்துவிடு, உனக்கு அந்த நிதானம் உண்டு. அப்புறம், எம்பாகிளிஃப்ளோசின் பத்து மில்லிகிராம் உங்கள் மருந்தகத்தில் வருகிறதா, என்ன விலை என்று மகளிடம் கேட்டு எழுது. இங்கே ஒரு கடையில்தான் கிடைக்கிறது, அதுவும் சில வாரம் இருப்பதில்லை.

தை பிறந்ததும் வருகிறேன் என்றாயே, கட்டாயம் வா. உன் சட்டை அளவை எழுதி அனுப்பச் சொன்னாள் சரோஜா. கூலி எவ்வளவு என்று அவளே சொல்வாள், பேரம் பேசிவிட்டு, பேசினதை அப்படியே கொடுத்துவிடு.

உன்
கோவிந்தன்