வார்டில் இருந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் மும்பை தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் டாக்ஸி நின்றதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையன்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டியதும் முகம் சுளிக்காமல் வண்டியை எடுத்த டாக்ஸிக்கார பையா, ஸ்கேனுக்குப் பணம் புரட்டிக் கொடுத்த சங்கத்து அண்ணன்மார், புதன்கிழமை மாஹிம் சர்ச்சுக்குப் போய் வாசல் கடையில் மெழுகுக் கை ஒன்று வாங்கி அம்மா பெயரைச் சொல்லி வைத்துவிட்டு வந்த எதிர்வீட்டு டீச்சர், பதினொரு நாளும் அப்பாவுக்குச் சாப்பாடு போட்ட கீழ் வீட்டு மராத்திக் குடும்பம், எல்லோருக்கும் கும்பிடு. யார் பெயரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மண்டை இன்னும் வேலை செய்யவில்லை.

இனி அந்த அக்காவைப் பற்றி. 'பேர் கீர் போட்றாத தம்பி' என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். மேலப்பாளையத்துக்காரர்கள். நம்மைப் போலவே பிழைக்க வந்து இரண்டு தலைமுறையாக தாராவியில் இருக்கிற குடும்பம். பக்கத்துக் கட்டிலில் அவர்கள் மாமியார்.

பெண்கள் வார்டில் சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரைதான் ஆம்பிளைக்கு அனுமதி. எனக்கு அக்கா தங்கை கிடையாது. பெரியம்மாவுக்கு டிக்கெட் கிடைத்து ஊரிலிருந்து வந்து சேர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், இந்த அக்காதான். நான் போய்க் கேட்கவில்லை. அவர்களும் 'நான் பாத்துக்கிடுதேன்' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தன் மாமியாருக்குப் போர்வையைச் சரி செய்த கை அப்படியே இந்தக் கட்டிலுக்கும் நீண்டது.

இரண்டாவது நாள் காலையில் அம்மாவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது. பேச்சு இல்லை, வலது கை வரவில்லை. இடது கையால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். தலைவலி போல என்று நர்ஸ் டாக்டரைக் கூப்பிட, அம்மா தலையை ஆட்டி ஆட்டி அழ, ரத்த அழுத்தம் வேறு ஏறிவிட்டது. அக்கா எழுந்து வந்து கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிறகு நர்ஸிடம் இந்தியில், 'வலி இல்ல சிஸ்டர். நெத்தி வெறுமையா இருக்கு. அதான் கேக்காங்க' என்றார்களாம்.

பெற்ற பிள்ளை எனக்கு அது தோன்றியிருக்குமா? சந்தேகம்தான்.

வார்டில் திருநீறுக்கு எங்கே போவது? அக்கா தன் மகனுக்கு போன் போட்டிருக்கிறார்கள். தொப்பி போட்ட அந்தப் பையன் நம் மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றதையும், விஷயத்தைக் கேட்டுத் தினத்தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததையும் பூசாரி ஐயாவே என்னிடம் சொன்னார். அவருக்கும் என் நன்றி.

அன்று நாலு மணிக்கு நான் போனதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: 'ஏன் தம்பி, அம்மா மூணு வெரலா இழுப்பாங்களா, ஒத்தக் கீத்தா?' மோதிர விரலால் ஒரே கீற்று, கீழே சின்னதாகக் குங்குமம் என்றேன். குங்குமம் வேண்டாம், வேர்த்தால் கண்ணில் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து காலையில் முகம் துடைத்துவிட்டதும் மோதிர விரலால் ஒரே கீற்று. அம்மா கையை ஆட்டுவது நின்றது.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். முதல் நாளே என் சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் முக்காடு போட்ட ஆட்களைப் பார்த்ததும், ஏதாவது நினைப்பார்களோ என்று அதை வெளியே எடுக்காமலே திரும்பிவிட்டேன். அவர்களைப் பற்றி நானே ஒன்றை நினைத்துக்கொண்டு, அதை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறேன்.

'உங்களுக்கு இது தப்பில்லையா அக்கா?' என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். 'எனக்கு இதுல நம்பிக்கை இல்ல தம்பி. நான் கும்பிடவும் இல்ல. தலை வாரிவிடுத மாதிரிதான். அம்மாவுக்கு வேணும்லா?' என்றார்கள்.

தொண்ணூற்று மூன்று கலவரத்துக்குப் பிறகு தாராவிச் சுவர்களில் ஒட்டிய 'ஹம் சப் ஏக் ஹைன்' (நாம் எல்லோரும் ஒன்று) சுவரொட்டியை அப்பா அடிக்கடி சொல்வார். வக்கார் கானும் பாவ் கோர்டேயும் சேர்ந்து செய்த வேலை அது. நாலு மத வேஷத்தில் நாலு பையன்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த ஊரில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரத்தில் 900 பேர் செத்ததாக, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னால் கணக்கு எழுதியது. அப்படி ஒரு கலவரத்துக்குப் பிறகு, சுவரில் அப்படி ஒன்றை ஒட்டவே தைரியம் வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுவரொட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்கா 'நாம எல்லாரும் ஒண்ணு' என்று சொல்லவே இல்லை. அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று நன்றாகத் தெரிந்துதான், எத்தனை விரல் என்று கேட்டார்கள்.

இத்தனையும் நோன்போடு. கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டி, 'நான் வாயில வைக்கக் கூடாது, நீ உப்புப் பாரு' என்றார்கள். உப்பே இல்லை. நாள் முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவர் எங்கள் அம்மாவின் கஞ்சிக்கு உப்புப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு உப்புப் பார்ப்பது என் வேலை. ஆறே முக்கால் வாக்கில் அக்கா நோன்பு திறக்க வராந்தாவுக்குப் போகும்போது அவர்கள் மாமியாரின் டிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவதும் என் வேலை.

பெரியம்மா வந்த அன்று, 'அவங்க கையாலயாடா திருநீறு?' என்று என் காதைக் கடித்தார்கள். மறுநாள் காலை பெரியம்மாவே விரலில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா முகத்தை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார்களாம். அதற்கு மேல் பெரியம்மா வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போகும்வரை அக்காவுக்கும் சேர்த்துத் துணி துவைத்தது வேறு கதை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் நான் அனுப்பிய மூன்று வீடியோக்களை நேற்று ராத்திரி தேடி எடுத்தேன். இன்னாரைப் பற்றி என்று சொல்லத் தேவையில்லை. அழிக்கப் பார்த்தேன், நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது. அதனால் குழுவில் எழுதினேன்: அந்த மூன்றும் நான் விசாரிக்காமல் அனுப்பியது, தப்பு என்னுடையது. இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மாமா ஒருவர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், போடட்டும். இனி என் கையிலிருந்து அப்படி ஒன்று போகாது.

இன்று காலை அம்மா இடது கையால் தானே பூசிக்கொண்டார்கள். கீற்று கோணிக்கொண்டு புருவம் வரை இறங்கிவிட்டது. பொட்டலத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் நீட்டினார்கள், பிறகு கதவைக் காட்டினார்கள். எனக்குப் புரிந்தது. அக்காவின் மாமியார் இன்னும் வார்டில்தான். ஆறரைக்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அக்கா நோன்பு திறக்கும்போது டிரிப்பைப் பார்க்க ஆள் இல்லை.