கழிவறைகூட இல்லாத எண்ணெய் மேடை

பெர்கன், நார்வே

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நாங்கள் மகள் வீட்டில் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை.

மாப்பிள்ளைக்கும் நம் தொழில்தான் என்பதால் சாப்பிடும்போதெல்லாம் எண்ணெய்ப் பேச்சு. இங்கே வடகடலில் ஓசெபர்க் என்று ஒரு எண்ணெய் வயல். 1979இல் கண்டுபிடித்து, 1988இல் எடுக்க ஆரம்பித்தது. வயதாகிப்போன அதன் மேற்கு ஓரத்தில், 2018 அக்டோபரில் 'ஓசெபர்க் எச்' என்ற ஆளில்லா மேடையை ஓட விட்டிருக்கிறார்கள். "மும்பைக் கடலில், பாம்பே ஹை எண்ணெய் வயலில் நாங்கள் பார்க்காத ஆளில்லா மேடையா?" என்று சிரித்தேன். ஆனால் கேட்கக் கேட்க இது வேறு சங்கதி என்று புரிந்தது.

நாம் ஆளில்லா மேடை என்று சொன்னதில் ஹெலிகாப்டர் இறங்கும் ஹெலிடெக் இருக்கும், காலையில் நம்மை இறக்கிவிட்டுப் போவார்கள். இதில் ஹெலிடெக் இல்லை, படுக்கை இல்லை, உயிர்காப்புப் படகு இல்லை, கழிவறைகூட இல்லை! வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு கப்பல் வரும். அலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் ஹைட்ராலிக் நடைபாலத்தை நீட்டும். வேலையை முடித்துவிட்டு, சாப்பாடும் தூக்கமும் கப்பலில். மற்ற நாளெல்லாம் ஆட்கள் இருக்கும் பழைய ஓசெபர்க் மைய மேடையில் உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து மூடுகிறார்கள். எண்ணெயைப் பிரிக்கும் வேலையும் அங்கேதான், குழாய் வழியாகப் போகிறது.

ஆள் தங்கினால் சோறு, தண்ணீர், தீயணைப்பு என்று எடை ஏறும். அதைத் தாங்க அடியில் இரும்பும் ஏறும். அதெல்லாம் போனதும் ஒருவகையில் மிச்சம்தான். நார்வே பணத்தில் 820 கோடி குரோனர் ஆகும் என்று முதலில் போட்ட திட்டம் 650 கோடியில் முடிந்ததாம். கிடைக்கப்போவது, எரிவாயுவையும் சேர்த்து, சுமார் 11 கோடி பீப்பாய். பெரிய மேடை கட்டி எடுக்கக் கட்டுப்படாத எண்ணெய் இப்படித்தான் கட்டுப்படியாகிறது.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. ஊசி வால்வில் வாயு கசிவதை நீ 'உஸ்ஸ்' சத்தத்தை வைத்தே பிடிப்பாயே, அந்தக் காது அங்கே யாருக்கு? "சென்சார் இருக்கு மாமா" என்கிறார் மாப்பிள்ளை. எதைத் தேடச் சொல்லி வைத்தோமோ அதைத்தானே சென்சார் தேடும்?

அப்புறம், அந்தக் காலத்தில் நாம் படகிலிருந்து ஸ்விங் ரோப்பை, அதாவது மேடையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து மேடைக்குத் தாவுவோம் என்றேன். அவர் நம்பவே மாட்டேன் என்கிறார். உன்னிடம் பழைய போட்டோ இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பிவை.

அன்புடன்,
மணி