கெர்னலை வெட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதிலிருந்து, பழைய கணினிகளில் லினக்ஸ் போடச் சொல்லும் யோசனை எல்லாப் பக்கமும் கேட்கிறது. நல்ல யோசனைதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வருகிறது: 'கெர்னலை நாமே கம்பைல் செய்துவிட்டால் பழைய மெஷின் புதுசு மாதிரி ஓடும்.' (கெர்னல் என்பது வன்பொருளையும் புரோகிராம்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி; கம்பைல் என்றால் அதை மூல நிரலிலிருந்து கட்டுவது.) இந்தப் பேச்சில் பாதிகூட உண்மை இல்லை. நம்பி இறங்குகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் படுக்க வைத்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறது என்று விவரமாக எழுதுவது பயன்படும் என நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஹெச்பி இசட்400, டெல் பிரிசிஷன் டி3500 போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். 2009 வாக்கில் வந்தவை. இன்டெல் எக்ஸ்58 சிப்செட், ஸியான் டபிள்யூ3500 வரிசைப் பிராசஸர், பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம். கம்பெனிகள் கழித்துவிட்டபின் அச்சகங்களுக்கும் வரைபட அலுவலகங்களுக்கும் கல்லூரி லேபுகளுக்கும் செகண்ட் ஹேண்டில் வந்து சேர்கிற ரகம்.

முதலில் வேகக் கணக்கு. டெபியன் என்ற லினக்ஸ் வகை தரும் கெர்னலில், பொருள்களை இயக்கும் டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏறும் துண்டுகள். உங்கள் மெஷினில் இல்லாத பொருளின் மாட்யூல் ஹார்ட் டிஸ்கில் தூங்குமே தவிர ரேமில் ஏறாது. அவற்றை வெட்டினால் மிஞ்சுவது டிஸ்கில் கொஞ்சம் இடமும் பூட் நேரத்தில் சில விநாடிகளும்தான். வேகம் வேண்டுமென்றால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். எக்ஸ்58 போர்டில் ரேமுக்கு மூன்று சானல்கள் என்பதால் ரேம் குச்சிகளை மூன்று மூன்றாகச் செருகுங்கள். இந்த இரண்டும் தரும் பலனை எந்தக் கெர்னல் கான்ஃபிக்கும் (எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பட்டியல்) தராது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: புதிய லினக்ஸ் பழைய பிராசஸரை ஏற்காவிட்டால் கெர்னலை மாற்றிக் கட்டிச் சமாளிக்கலாம் என்பது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10, புதிய பிராசஸர்களில் வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள பிராசஸரைக் கேட்கிறது. இந்த ஸியான்களில் ஏவிஎக்ஸ்கூடக் கிடையாது. கெர்னலை மட்டும் மாற்றிக் கட்டி இதைத் தாண்ட முடியாது. மேலே ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் அப்படியே கம்பைல் ஆகியிருக்கிறது. டெபியன் 13-இன் 64-பிட் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதில் வருவது நீண்டகால ஆதரவு உள்ள 6.12 கெர்னல். பெரும்பாலோர் அதை அப்படியே ஓட்டினால் போதும்.

கம்பைல் செய்ய நியாயமான காரணங்களும் இருக்கின்றன. டெபியன் தரும் கெர்னலில் அணைத்து வைத்திருக்கும் ஒரு டிரைவர் தேவைப்படலாம். ஒலிப்பதிவுக்கு, தாமதமின்றிக் குறித்த நேரத்தில் பதில் தரும் நிகழ்நேரக் கெர்னல் வேண்டியிருக்கலாம் (அந்த வசதி 6.12-இல்தான் மூலக் கெர்னலில் சேர்ந்தது). அல்லது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. அதுவும் நல்ல காரணம்தான்.

செய்வதென்றால் வெறும் தாளிலிருந்து தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு பூட் கோப்புறையில் இருக்கும். அதைக் கெர்னலின் மூல நிரல் உள்ள கோப்புறைக்குள் 'டாட் கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' கொடுத்தால் புதிய பதிப்பில் சேர்ந்த கேள்விகளுக்கு இயல்பான பதில்கள் நிரம்பிவிடும். (கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.) அடுத்து 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இது கழித்துவிடும். உள்ளேயே கட்டப்பட்டவற்றில், அதாவது 'ஒய்' என்று குறித்தவற்றில், இது கை வைக்காது.

தொல்லையின் பாதி இங்கேதான் பிறக்கிறது. அந்த நிமிடத்தில் ஏறியிராத மாட்யூல் போயே போய்விடும். பென் டிரைவ் செருகியிருக்கவில்லை என்றால் யுஎஸ்பி ஸ்டோரேஜ் போகும். அதோடு விஃபேட் கோப்பு முறைமையும், அது கேட்கும் 437 என்ற எழுத்துத் தொகுப்பு மாட்யூலும் போகும். பிறகு யுஎஸ்பி ஸ்டோரேஜை மட்டும் திரும்பச் சேர்த்துப் பென் டிரைவைச் செருகினால் டிரைவ் தெரியும், மவுன்ட் ஆகாது, அதாவது கோப்புகள் திறக்காது. காரணம் புரியாமல் டிரைவை மாற்றிக்கொண்டிருப்பார்கள். செல்போன் வழியே இன்டர்நெட் எடுப்பதற்கான ஆர்என்டிஐஎஸ், வெப்கேம், சிடி படிக்கும் ஐஎஸ்ஓ, எக்ஸ்ஃபேட், ஃபயர்வாலுக்கான என்எஃப்டேபிள்ஸ் எல்லாம் இதே கதைதான். மாட்யூல் ஒருமுறை ஏறிவிட்டால் பொருளைப் பிடுங்கிய பிறகும் ரீபூட் வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்ட வேண்டியதில்லை. மெஷினை அணைக்காமல், அந்த அலுவலகத்தில் புழங்கும் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை மாட்டி, திறந்து பார்த்து, கழற்றுங்கள். பிறகு கட்டளையைக் கொடுங்கள்.

அதன்பின் 'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து கையால் வெட்டும்போது, பழசு என்று பெயரைப் பார்த்து எதையும் கழிக்கக் கூடாது. எக்ஸ்58 போர்டுகளில் யுஎஸ்பியையும் டிஸ்கையும் கவனிக்கும் ஐசிஹெச்10 தென்பாலச் சிப்பில், யுஎஸ்பி 2.0-க்கான 2 இஹெச்சிஐ, மெதுவான யுஎஸ்பி 1.1-க்கான 6 யுஹெச்சிஐ கன்ட்ரோலர்கள் உண்டு. போர்டில் நேராகச் செருகும் கீபோர்டும் மவுஸும் யுஹெச்சிஐ வழியாகத்தான் பேசும். யுஎஸ்பி 1.1 காலத்துச் சரக்கு என்று அதை எடுத்துவிட்டால் லாகின் திரை அழகாக வரும், கீபோர்டு மட்டும் செத்திருக்கும். அதேபோல் இந்த மெஷின்கள் பூட் ஆவது பழைய பயாஸில்தான், அதன் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐயில் அல்ல என்று சொல்லி இஎஃப்ஐ என்று பெயருள்ள எல்லாவற்றையும் அணைப்பார்கள். அதில் 'இஎஃப்ஐ பார்ட்டிஷன்' என்ற வரியும் அடிபடும். அது ஜிபிடி முறைப் பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்கும் வசதி. பயாஸா யுஇஎஃப்ஐயா என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பிறகு டிஸ்க் தெரியும், பார்ட்டிஷன் ஒன்றும் தெரியாது.

டிஸ்கைப் படிக்கத் தேவையான டிரைவர்களை மாட்யூலாக விடாமல் உள்ளேயே கட்டிவிடுவது நல்லது. பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறை ஏஹெச்சிஐ அல்லது ரெய்டு என்றிருந்தால் ஏஹெச்சிஐ டிரைவர். ஐடிஇ என்றிருந்தால் ஏடிஏ-பிக்ஸ். இரண்டையும் சேர்த்தே கட்டுங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்பு மாறிப்போனாலும் மெஷின் எழும். சாட்டா டிஸ்க்காக இருந்தாலும் 'ஸ்கஸி டிஸ்க் சப்போர்ட்' கட்டாயம், ஏனென்றால் லினக்ஸ் சாட்டாவையும் ஸ்கஸி வழியாகவே பார்க்கிறது. அதிகம் பேர் கழித்துவிடுவது இந்த வரியைத்தான். அதோடு இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. எல்எஸ்ஐ 1068இ எஸ்ஏஎஸ் கார்டு உள்ள மெஷினுக்கு எம்பிடிசாஸ் டிரைவர் வேண்டும். அந்தக் கார்டு 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கை ஏற்காது என்பதையும் டிஸ்க் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பூட் ஆகாமல் 'அனேபிள் டு மவுன்ட் ரூட்' (ரூட் என்பது சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) என்று நின்றால், கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்களைப் பாருங்கள். 0,0 என்றால் பெரும்பாலும் டிஸ்கே கண்ணில் படவில்லை: கன்ட்ரோலர் டிரைவர் இல்லை, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (பூட் தொடக்கத்தில் ரேமில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஏறவில்லை. 8,1 போன்ற எண் வந்தால் டிஸ்க் தெரிந்துவிட்டது, கோப்பு முறைமை டிரைவர்தான் இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: ரூட்டை யுயுஐடியால் (கோப்பு முறைமையின் அடையாள எண்) குறித்தால் கெர்னலுக்குத் தானாகப் புரியாது. அதை மொழிபெயர்ப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) என்றால் கெர்னலுக்கே புரியும்.

கிராஃபிக்ஸ் விஷயத்தில் பொறுமை வேண்டும். இந்த மெஷின்களில் வரும் பழைய குவாட்ரோ எஃப்எக்ஸ் கார்டுகளுக்கான என்விடியாவின் 340 வரிசை டிரைவர் 2019-உடன் நின்றது. அடுத்த தலைமுறை ஃபெர்மி கார்டுகளுக்கான 390 வரிசை 2022-உடன் முடிந்தது. புதிய கெர்னலில் இவற்றைக் கட்ட ஒட்டுவேலை தேவைப்படும். அடுத்த கெர்னலில் அந்த ஒட்டும் விட்டுப்போகும். கெர்னலிலேயே உள்ள நூவோ டிரைவர் போதும். எழுத்து வேலை, பிரவுசர், இரு பரிமாண வரைபடம் எல்லாம் ஓடும். முப்பரிமாண வேலைக்கு அது மந்தம்தான், கார்டின் வேகத்தைத் தானாக உயர்த்தத் தெரியாது. அதற்குப் பதில் ஏஎம்டி ரேடியான் ஹெச்டி 5000 வரிசைக் கார்டு போடுகிறவர்கள் ரேடியான் டிரைவரை 'எம்' என்று மாட்யூலாகவே வைக்க வேண்டும். அது ஃபர்ம்வேர் கோப்பு (கார்டுக்குள் ஏற்றும் நிரல்) கேட்கும். உள்ளேயே கட்டிவிட்டால், டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு முன்பே கோப்பைத் தேடி, கிடைக்காமல், திரை உறைந்து நிற்கும். டெபியனில் ஃபர்ம்வேர் தனித் தொகுப்பாக வருகிறது, நிறுவ மறக்காதீர்கள். 'ஃப்ரேம்பஃபர் கன்சோல்' வரியையும் தொடாதீர்கள். அது போனால் கெர்னல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். பார்ப்பவர் மெஷின் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவார்.

ஒர்க்ஸ்டேஷன் வாங்குவதே ஈசிசி ரேமுக்காக. அதைக் கண்காணிக்கும் ஈடாக் வசதியையும், இந்த ஸியான்களின் தலைமுறையான நெஹேலம் பிராசஸருக்கான ஐ7கோர் டிரைவரையும் தேவையில்லை என்று கழிப்பது கைக்கெட்டிய கனியைத் தெருவில் போடுவது. ரேமில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை அதன் வழியாகத்தான் வெளியே தெரியும். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்தக் குச்சியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிராசஸர் எண்ணிக்கை வரம்பை 8 அல்லது 12 என்று குறைக்கலாம், கொஞ்சம் ரேம் மிச்சம். ஆனால் உண்மையில் உள்ள திரெட் (பிராசஸர் ஒரே நேரத்தில் நடத்தும் இழை) எண்ணிக்கைக்குக் கீழே போனால் மீதியைக் கெர்னல் கண்டுகொள்ளாது. இரண்டு பிராசஸர் உள்ள இசட்600, டி5500-இல் நுமாவை (ஒவ்வொரு பிராசஸரும் தன் அருகிலுள்ள ரேமை முதலில் பயன்படுத்த உதவும் வசதி) அணைக்கக் கூடாது. பூட் ஆகும்போது 'இன்டரப்ட் ரீமேப்பிங்' குறித்து ஒரு எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். எக்ஸ்58, 5520 சிப்செட்டுகளின் சில பதிப்புகளில் அந்த வசதியிலேயே பிழை இருக்கிறது, கெர்னலே தெரிந்து அதை விட்டுவிடுகிறது.

மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளுக்கான பாதுகாப்புகளைக் கட்டும்போதே எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. அவற்றால் வேகம் குறைவது மெய்; பிசிஐடி வசதி இல்லாத நெஹேலத்தில் மெல்ட்டவுன் தடுப்பின் சுமை கூடுதலாகவே தெரியும். இருந்தாலும் கான்ஃபிக்கில் விட்டுவைக்க வேண்டும். இன்டர்நெட்டே எட்டாத மெஷின் என்றால் 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்று பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் வரி) போட்டுக்கொள்ளலாம், நாளைக்கு இணைப்பு வந்தால் எடுத்துவிடலாம். கட்டும்போதே பிடுங்கிவிட்டால் அந்த வழி கிடையாது.

கட்டும் வேலைக்கு பில்டு-எசென்ஷியல், பைசன், ஃபிளெக்ஸ், பிசி, ஆர்சிங்க், டெப்ஹெல்பர் ஆகியவையும், ஓபன்எஸ்எஸ்எல், எல்ஃப், என்கர்சஸ் ஆகியவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகளும் வேண்டும். பிழை தேடுவதற்கான டீபக் தகவலை 'நன்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் முழுக் கான்ஃபிக் 20 ஜிபியைக்கூட விழுங்கும். இனிட்ராம்எஃப்எஸ் ஊதிப்பெருத்து, பழைய முறையில் பிரித்த 250 எம்பி பூட் பார்ட்டிஷனில் அடங்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதே டீபக் தகவல்தான் காரணம். உபுண்டு லினக்ஸின் கான்ஃபிக்கை எடுத்தவர்கள் நம்பகச் சாவி, ரத்துச் சாவி என்ற இரு வரிகளையும் காலியாக்க வேண்டும், இல்லையேல் இல்லாத சான்றிதழ்க் கோப்பைத் தேடிக் கட்டுமானம் நின்றுவிடும். பிறகு 'மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி'. கிடைக்கும் தொகுப்புகளில் இமேஜும் ஹெடர்ஸும் போதும், லிப்சி-டெவ் வேண்டாம். வேறொரு புதிய கணினியில் கட்டி இதற்குக் கொண்டுவருகிறவர்கள், 6.16 முதல் வந்திருக்கும் 'நேட்டிவ் சிபியு' வரியை அணைக்க வேண்டும். அது கட்டும் கணினியின் பிராசஸருக்கு ஏற்பக் கட்டிவிடும். பழைய ஸியானில் பூட் தொடங்கிய உடனே மெஷின் விழும்.

முதல் பூட்டுக்குப் பழைய கெர்னலை நீக்காதீர்கள். பூட் மெனுவைத் தரும் கிரப்பின் அமைப்பில் இயல்புத் தேர்வை 'சேவ்டு' என்று வைத்து, 'கிரப்-ரீபூட்' மூலம் புதிய கெர்னலை ஒருமுறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். பூட் வரியில் 'பேனிக்=30' சேருங்கள். புதியது பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றால், 30 விநாடியில் மெஷின் தானே ரீபூட் ஆகிப் பழைய கெர்னலுக்குத் திரும்பும். பூட்டியிருக்கும் லேபில் இருக்கும் மெஷினுக்கு இதைவிட நல்ல காப்பு இல்லை.

பிறருக்குக் கட்டித் தருகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. கையால் கட்டிய கெர்னலுக்கு டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் யாராவது திரும்பக் கட்ட வேண்டும். பள்ளிக்கோ சிறு அச்சகத்துக்கோ கட்டிக் கொடுத்துவிட்டு, கான்ஃபிக் கோப்பைத் தன் லேப்டாப்பில் மட்டும் வைத்துக்கொண்டு போவது சரியல்ல. 'ஐகேகான்ஃபிக்' வரியையும், அதன் கீழே ப்ராக் கோப்புறை வழியாகப் படிக்கும் வரியையும் 'ஒய்' ஆக்கினால், ஓடும் கெர்னலிலிருந்தே முழுக் கான்ஃபிக்கையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கெர்னல் பெயரின் வாலில் கட்டிய மாதத்தையும் சேர்த்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் பார்த்ததும் எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்