சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாகச் சொல்பவரிடம் என்ன கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றில் விடை தெரியாத மர்மங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் சிந்துவெளி எழுத்தும் இடம்பெற்றிருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், அந்த எழுத்து முழுவதையும் படித்து முடித்துவிட்டதாகச் சொல்லும் ஒருவரின் பேட்டி. மேலே மர்மம் என்கிறீர்கள், கீழே தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். வாசகர் எதை நம்புவது?

2025 ஜனவரி 5 அன்று சென்னையில் நடந்த சிந்துவெளி நூற்றாண்டுக் கருத்தரங்கில், இந்த எழுத்தின் புதிரை அவிழ்ப்பவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழக முதல்வர் அறிவித்தார். பரிசு நல்ல செய்திதான். அதற்கு முன்பும் இத்தகைய உரிமைகோரல்களுக்குப் பஞ்சமில்லை. இனி பத்திரிகை அலுவலகங்களுக்கு இவை மூட்டை மூட்டையாக வரும். வருவதை எப்படிச் சலிப்பது என்பதுதான் இக்கடிதத்தின் நோக்கம். அதற்குத் தொல்லியல் பட்டம் வேண்டாம், சில கேள்விகள் போதும்.

முதலில், கையில் இருப்பது என்ன? பெரும்பாலான எழுத்துத் தொடர்கள் மாவுக்கல்லில் செதுக்கிய சின்னஞ்சிறு சதுர முத்திரைகளில் இருக்கின்றன. ஒரு பக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். பின்புறம் கயிறு கோக்கத் துளையிட்ட குமிழ், முன்புறம் மேலே ஒரு வரி எழுத்து, கீழே ஒற்றைக்கொம்பனோ (ஒரே கொம்புள்ள காளை போன்ற விலங்கு) திமில் காளையோ. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவில் (எந்தக் குறி எங்கே வருகிறது என்ற பட்டியலில்) 2,906 பொருள்கள், 417 குறிகள், மொத்தம் 13,372 இடங்களில் குறிகளின் வருகை பதிவாகியுள்ளன. ஒரு தொடரின் சராசரி நீளம் ஐந்து குறி. ஒரே பரப்பில் உள்ள மிக நீண்ட தொடருக்கே 17 குறிகள்தான். கதையோ காவியமோ அரசாணையோ படித்ததாக ஒருவர் சொன்னால், அத்தனை சொல்லுக்கு இடம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஐந்து குறிக்கு ஐந்து வரி மொழிபெயர்ப்பு தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது திசை. பலர் சறுக்கும் இடம் இது. முத்திரை என்பது களிமண்ணில் அழுத்துவதற்கு. ஆகவே கல்லில் எழுத்து இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும், அலுவலக ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தால் தெரிவது போல. படிக்க வேண்டியது கல்லை அல்ல, அதன் பதிவை. பதிவில் எழுத்து பொதுவாக வலமிருந்து இடமாக ஓடுகிறது. இது யாரோ ஊகித்துச் சொன்னதல்ல. இடம் போதாதபோது குறிகள் இடது ஓரத்தில்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. ராஜஸ்தானின் காலிபங்கன் என்ற சிந்துவெளி ஊரில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் வலப்பக்கக் குறியின் கோட்டின் மேல் இடப்பக்கக் குறியின் கோடு ஏறியிருப்பதைத் தொல்லியலாளர் பி.பி.லால் 1960களிலேயே காட்டினார். அப்படியானால் வலப்பக்கம் இருப்பது முதலில் எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் சில கல்லைக் காட்டுபவை, சில பதிவைக் காட்டுபவை. இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு ஒருபுறமிருந்து படித்தால், பாதித் தொடர்களை வாலிலிருந்து தலைக்குப் படித்தவர் ஆகிறார்.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு காதுகள் விரிந்த குடம் போன்ற ஒரு குறி இருக்கிறது, ஆய்வாளர்கள் ஜாடிக் குறி என்பார்கள். மகாதேவன் கணக்கில் அது மட்டும் 1,395 முறை வருகிறது, அதாவது மொத்த வருகையில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். வரும் இடமும் பெரும்பாலும் தொடரின் கடைசிதான். படத்தில் அது இடக்கோடியில் இருந்தால் அது பதிவு, வலக்கோடியில் இருந்தால் கல். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் இருபது முப்பது படம் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அதே ஜாடியை வைத்தே அடுத்த கேள்வியையும் கேட்கலாம்: இது ஏன் கடைசியில் வருகிறது? விகுதி என்பாரா, பட்டப்பெயர் என்பாரா, வேறு ஏதாவது என்பாரா, எதுவானாலும் சொல்லட்டும்; ஆனால் 1,395 இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். ஒரு முத்திரையில் அது 'ஊர்', அடுத்ததில் 'தலைவன்', மூன்றாவதில் வெறும் ஒலி என்றால் அங்கேயே பேட்டியை நிறுத்திக்கொள்ளலாம். 67 குறிகள் மட்டுமே மொத்த வருகையில் சுமார் 80 விழுக்காட்டை நிரப்புகின்றன. 112 குறிகள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. அடிக்கடி வரும் அந்த 67க்கும் நிலையான மதிப்புத் தராமல், ஒரே முறை வரும் அபூர்வக் குறிகளுக்கு அழகழகாய் விளக்கம் சொல்பவர், தவறு என்று யாரும் காட்ட முடியாத இடமாகப் பார்த்து நிற்கிறார்.

சுதந்திரம் கூடினால் எதையும் படிக்கலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு குறிக்கும் மூன்று ஒலி வரலாம் என்று ஒருவர் வைத்துக்கொள்கிறார். ஐந்து குறித் தொடருக்கு 3×3×3×3×3 = 243 வாசிப்புகள். திசையும் அவர் விருப்பம் என்றால் 486. நானூற்றுச் சொச்சம் சேர்க்கைகளில் தமிழில் ஒன்று பொருள் தரும், சமஸ்கிருதத்தில் ஒன்று தரும், தேடினால் ஹங்கேரிய மொழியிலும் ஒன்று தரும். மெய்யெழுத்தை மட்டும் குறி காட்டும், உயிரை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று விதி வைத்தால் இன்னும் மோசம். 2000ஆம் ஆண்டில் இப்படித்தான் ஒரு சமஸ்கிருத வாசிப்பு நூலாக வந்து பரபரப்பானது. அதில் சான்றாகக் காட்டிய 'குதிரை முத்திரை', உண்மையில் உடைந்துபோன ஒற்றைக்கொம்பன் முத்திரை என்று ஆய்வாளர்கள் மைக்கேல் விட்சலும் ஸ்டீவ் ஃபார்மரும் அதே ஆண்டு ஃப்ரண்ட்லைன் இதழில் படத்தோடு காட்டினார்கள். உடைந்த பாதியை விட்டுவிட்டு மிச்சத்தைப் படம் போட்டால் காளையும் குதிரையாகும்.

தமிழ் வாசிப்புகளுக்கும் இதே அளவுகோல்தான். நம் மொழி என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போட முடியாது. இந்த எழுத்து புழங்கிய நகரங்களின் செழிப்புக் காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை. அங்கே பேசியது திராவிட மொழி என்று வைத்துக்கொண்டாலும், அது சங்கத் தமிழாக இருக்க முடியாது. இடையில் குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. தமிழில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. மூலத்தில் இருந்தது ககரம், தமிழில் அது பின்னர் சகரமாயிற்று என்பது திராவிட மொழியியலின் பாலபாடம். மொகஞ்சதாரோ முத்திரையில் காதுபோல் ஒரு குறியைப் பார்த்து, 'செ' என்ற ஒலி என்று எழுதுபவர் இந்த ஒரு படியைத் தாண்டவில்லை. கி.மு. 2500க்கு உரிய வடிவத்தை ஒப்பிலக்கணத்தால் மீட்டெடுத்து, பிறகு குறியோடு பொருத்த வேண்டும். பேட்டி கொடுத்தவரின் பட்டியலில் இன்றைய பேச்சுத் தமிழ்ச் சொற்களே இருந்தன.

இதற்கு நேர்மாறாக, ஒழுங்காகச் செய்யப்பட்ட முயற்சிக்கு எடுத்துக்காட்டு மீன் குறி. பம்பாயில் பணியாற்றிய ஹெராஸ் பாதிரியார் தொடங்கி வைத்தார், ஹெல்சிங்கியின் அஸ்கோ பர்ப்போலா விரிவாக்கினார். திராவிட மொழிகளில் மீன் என்பது நீரில் நீந்துவதற்கும் வானில் மின்னுவதற்கும் பொதுப்பெயர், எனவே மீன் படம் விண்மீனைக் குறிக்கலாம் என்பது கருத்து. இதன் வலு எங்கே இருக்கிறது என்றால், மீனுக்கு முன்னால் ஆறு கோடும் ஏழு கோடும் வருகின்றன. கார்த்திகையை அறுமீன் என்று அகநானூறும், சப்தரிஷி மண்டலத்தை எழுமீன் என்று நற்றிணையும் சொல்கின்றன. குறி, எண், பழைய இலக்கியச் சொல் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதில்கூட பர்ப்போலா எழுத்து முழுவதையும் படித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மீனிலிருந்து கிடைத்த மதிப்பைக் கொண்டு பக்கத்துக் குறியைத் திறக்கப் போனால் கதவு கொஞ்சம்தான் அசைகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர் அங்கே நிற்கிறார் என்பதை, ஆறு மாதத்தில் 417 குறிக்கும் விடை கண்டவரின் பேட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரியாகவாவது போட்டிருக்கலாம்.

இனி, உரிமை கோருபவர்கள் பெரும்பாலும் தொடாத இரண்டு சான்றுகள். மொகஞ்சதாரோவில் செப்பு வில்லைகள் கிடைத்தன. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் உருவம். எழுத்துப் பக்கம் ஒன்றுபோலவே உள்ள வில்லைகளில் சிலவற்றின் மறுபக்கத்தில் கொம்பு வைத்த வில்லாளி உருவம் இருக்கிறது. சிலவற்றில் அந்த உருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறிக்கும் வில்லாளிக்கும் தொடர்பு உண்டு என்று கொள்ள இடம் தருகிற, மிக அரிதான சான்று இது. அங்கே 'நெல்' என்று ஒருவர் படித்தால், வில்லாளி என்ன செய்கிறார் என்று கேளுங்கள். இன்னொன்று, பாரசீக வளைகுடாப் பகுதியிலும் மெசபொத்தேமியாவிலும் கிடைத்த வட்ட முத்திரைகள். குறிகள் சிந்துவெளிக் குறிகளே, ஆனால் அவை நிற்கும் வரிசை சிந்துவெளியில் காணாத வரிசை. அங்கே போன வணிகர்கள் வேறு மொழிப் பெயர்களை இதே எழுத்தில் எழுதியிருக்கலாம் என்பது பொதுவான விளக்கம். உள்ளூர் முத்திரைக்கும் வளைகுடா முத்திரைக்கும் ஒரே மாதிரிச் சரளமாகத் தமிழ் வருகிறது என்றால், அந்த முறை எதைப் போட்டாலும் தமிழாக்கித் தரும் முறை.

பானை ஓட்டுக் கீறல்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழக அகழாய்வுகளில் கிடைத்த கீறல் குறியீடுகளையும் சிந்துவெளிக் குறிகளையும் ஒப்பிட்டு, சுமார் 60 விழுக்காட்டுக் குறிகளுக்கு இணை கிடைப்பதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஆய்வு கூறுகிறது. அது வடிவ ஒப்பீடு. அதை எழுதிய ஆய்வாளர்களே நூலின் தலைப்பில் அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். வடிவம் ஒத்தால் ஒலியும் ஒத்தது என்று ஆகாது. பெருக்கல் குறி, திரிசூலம், ஏணி போன்ற எளிய வடிவங்கள் உலகில் எங்கும் தனித்தனியே தோன்றக்கூடியவை. சிக்கலான வடிவங்கள் ஒத்திருப்பதும், இரண்டு மூன்று குறிகள் அதே வரிசையில் சேர்ந்து வருவதும்தான் எடை கூடிய சான்று. "கீழடி ஓட்டில் சிந்துவெளி வாசகம்" என்று தலைப்புப் போடுமுன் எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

இது எழுத்தே அல்ல என்ற கட்சியும் உண்டு. ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் மூவரும் 2004இல் வாதிட்டார்கள்; 2009இல் ராஜேஷ் ராவ் குழுவினர் சயன்ஸ் இதழில் குறிகளின் வரிசை ஒழுங்கைக் கணக்கிட்டு, அது மொழியை எழுதும் முறைகளோடு ஒத்துப்போகிறது என்றார்கள். சர்ச்சை ஓயவில்லை.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. மைசீனியக் கிரேக்கர்களின் லீனியர் பி எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்தார். இருமொழிக் கல்வெட்டு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வகுத்த அட்டவணையை, அவர் அதுவரை பார்த்திராத ஒரு களிமண் பலகைமேல் 1953இல் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் போட்டுப் பார்த்தார். முக்காலிப் படத்தின் பக்கத்தில் 'தி-ரி-போ', அதாவது முக்காலிக்கான கிரேக்கச் சொல், வந்தது. நான்கு காது வைத்த பாத்திரம், மூன்று காது வைத்தது, காதே இல்லாதது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பொருளுள்ள கிரேக்கச் சொல். சந்தேகப்பட்டவர்கள் பலர் அன்றோடு வாயடைத்துப் போனார்கள். சிந்துவெளிக்கும் இதைச் செய்யலாம். உரிமை கோருபவர் தம் குறி மதிப்புப் பட்டியலை, மகாதேவன் தொடரடைவில் குறிகளுக்குத் தந்த எண்களோடு, தேதியிட்டு எழுதிக் கொடுக்கட்டும். பிறகு பர்ப்போலா குழுவினரின் முத்திரைத் தொகுதிகளிலிருந்து அவர் கையாளாத இருபது தொடர்களை வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும். பட்டியலில் ஒரு மதிப்பைக்கூட மாற்றாமல் அவர் படிக்கட்டும். அதே பட்டியலைக் கொண்டு தனியறையில் இன்னொருவரும் படிக்கட்டும். இரண்டு வாசிப்பும் ஒத்துவந்தால் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பட்டியல் தர மறுப்பவருக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

படம் வெளியிடும்போது அதன் கீழே பொருளின் எண்ணையும், கல்லா பதிவா என்பதையும் குறிப்பிடுங்கள். 'பசுபதி முத்திரை' என்றால் எம்-304, மொகஞ்சதாரோ. அந்த எண் இருந்தால் எந்த வாசகரும் தொகுதியை எடுத்துச் சரிபார்த்துக்கொள்வார். கடந்த வாரம் வெளியான படத்துக்கு எண் இல்லை, அது இடவலம் மாறியும் அச்சாகியிருந்தது. ஜாடி வலக்கோடியில் இருக்கிறது. பேட்டியில் தந்த வாசிப்போ அதை முதல் எழுத்தாக எடுத்துக்கொண்டு தொடங்குகிறது.

இப்படிக்கு,
கல்வெட்டியல் வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.