செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகப் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகளை எண்ணும் நாள் ஜனவரி 14, ஞாயிறு என்று சுற்றறிக்கை அனுப்பியவன் நான்தான். அன்று போகி. முந்தின இரவு வீட்டில் பழைய பாயை எடுத்து வாசலில் வைத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. விடியுமுன் துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் போய் நின்றால் எதிரே சதுப்பு நிலத்தையே காணோம், பனியும் புகையும்தான். குரலை வைத்துத் தாழைக்கோழி இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. எத்தனை என்று எப்படிச் சொல்வது? ஒன்பது மணிவரை பார்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்பினோம். அடுத்த ஞாயிறு, 21-ஆம் தேதி, மறுபடி போய் எண்ணி முடித்தோம். இரண்டு ஞாயிறும் வந்தவர்களுக்கு நன்றி.

இனவாரிப் பட்டியல் தனித்தாளில் சுற்றுக்கு வருகிறது. அதைப் படிக்கும்போது தண்ணீரை நினைவில் வைக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை, ஜனவரி முதல் வாரம் முடிந்ததும் இன்னொரு மழை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில்தான் கடலைச் சேர்கிறது. வரும் வழி பல, வடியும் வழி குறுகல். அதனால் நாம் எண்ணிய நாளிலும் நீர் ஆழமாகவே இருந்தது. நாமக்கோழிக்கும் ஊசிவால் வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் கொண்டாட்டம். சேற்றில் நடந்து மேயும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. பூநாரை ஒன்றுகூட இல்லை. "பறவையெல்லாம் போயிடுச்சே" என்றார் ஓர் உறுப்பினர். ஆழம் குறைந்த வேறு நீர்நிலைக்கு அவை இடம் மாறியிருக்கலாம். பூநாரைக்கு நேரே பூஜ்யம் போட்டதில் சிலருக்கு மனத்தாங்கல். ஆனால் தேடிப் பார்த்து இல்லை என்று எழுதுவதும் கணக்குதான்.

இன்னொரு சங்கதி. நாமக்கோழிக் கணக்கில் இரண்டு அணிகளுக்கும் பெரிய வித்தியாசம் வந்தது. விசாரித்தால், சாலைக்கு இந்தப் பக்கம் எண்ணிய கூட்டம் அந்தப் பக்கம் பறந்து போக, அங்கே நின்றவர்களும் அதையே எண்ணியிருக்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் நம் இளைய உறுப்பினர்தான் இதைக் கண்டுபிடித்தார். அவர் மட்டும் பறந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். இனி எல்லோரும் நேரம் குறிக்க வேண்டும். பெரிய கூட்டமானால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவில் கூட்டம் முழுவதையும் தாண்டித் தாண்டி மதிப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'ஆயிரம்' என்று எழுத வேண்டாம்.

டிசம்பர் கூட்டத்தில் வேறெதுவும் பேச முடியவில்லை. வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்த காட்சியே எல்லோர் மனதிலும் நின்றது.

பிப்ரவரியில் வேடந்தாங்கல் போனோம். நீர்க்கடம்பு மரங்கள் நிறையக் கூடுகள். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்க்காரர்கள், 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் பாதுகாப்பு உரிமை வாங்கிய இடம் அது. பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் ஒரே ஆண்டில், 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அன்று இங்கே இனிப்பு வழங்கினோம். பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை மட்டும் இன்னும் நம்மை வரவேற்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மன்றத்தின் தொலைநோக்கி முக்காலியில் ஒரு கால் ஆடுகிறது. சரிசெய்ய ஒப்புதல் கோருகிறேன்.

அப்புறம், 2025-இல் போகி ஜனவரி 13, திங்கள். எண்ணும் நாள் 12, ஞாயிறு. இந்த முறை காலண்டரைப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்