உளவு நாவலின் சுவை ஐயத்தில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய உளவு நாவல்களைப் பற்றி வெளிவந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பனிப்போர் முடிந்து, பெர்லின் சுவரும் இடிந்து, செயற்கைக்கோள்களும் கணினிகளும் ஒற்றரின் வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட பிறகு அந்த நாவல்கள் காலாவதியாகிவிட்டன என்பது கட்டுரையாளரின் முடிவு. அதை நிறுவுவதற்காக அவர் ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை எடுத்துக்கொண்டு, அதில் துரோகி யார் என்பதை முதல் பத்தியிலேயே பெயர் சொல்லி எழுதிவிட்டார். இந்த இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு செய்தியை ஒளித்து வைத்திருந்து கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டுவதே உளவு நாவலின் வேலை என்று அவர் எண்ணுகிறார். முப்பது ஆண்டுகளாக இவற்றைப் படித்துவரும் எனக்கோ, யாரை நம்புவது என்று தெரியாமல் கதைமாந்தரோடு சேர்ந்து நாமும் ஐயுற்றுக்கொண்டிருக்கும் அந்த நீண்ட பொழுதுதான் இவற்றின் உயிர்.

1974-இல் வெளிவந்த அந்த நாவலையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் உளவுத் துறையின் உச்சியில், சோவியத் நாட்டுக்கு வேலை செய்யும் ஒருவர் பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, பதவியிலிருந்து விலக்கப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியிடம் வருகிறது. அவர் துப்பாக்கி ஏந்தி யாரையும் துரத்துவதில்லை. ஒரு சாதாரண விடுதி அறையில் அமர்ந்து, இரவிரவாகப் பழைய கோப்புகளைப் படிக்கிறார். ஒரு தேதியை இன்னொரு தேதியோடு ஒப்பிடுகிறார். ஓய்வு பெற்ற பழைய ஊழியர்களைத் தேடிப் போய்ப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் செய்வது வாசிப்பு. அவர் கோப்பைப் புரட்டும் அதே நேரத்தில் நாமும் புத்தகத்தைப் புரட்டி, அதே தாள்களில் அதே பொய்யைத் தேடுகிறோம். வாசகரும் கதைத்தலைவரும் ஒரே வேலையை ஒரே வேகத்தில் செய்யும் இந்த ஒற்றுமையை வேறெந்த வகை நாவலிலும் இவ்வளவு முழுமையாக நான் கண்டதில்லை. லெ காரே உளவுத் துறையில் பணியாற்றியவர். அத்துறையில் உயர் பொறுப்பு வகித்த கிம் ஃபில்பி சோவியத் ஒற்றர் என்பது வெளியாகி, 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்குத் தப்பிய காலத்தை நேரில் அறிந்தவர். உடன் உண்டு பழகிய நண்பர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொய்யாகவே இருந்திருக்கிறார் என்று அறியும்போது ஒரு தலைமுறைக்கு நேர்ந்த துயரம் அந்த நாவலின் அடியில் ஓடுகிறது.

இந்தச் சுவை நம் மொழிக்குப் புதிதன்று. திருவள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றர் அறிந்து வந்து சொன்னதையும் மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஒற்றித் தெளிய வேண்டும் என்கிறார். அடுத்த குறளிலேயே, ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்றும், மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே அதை நம்பலாம் என்றும் சொல்கிறார். கிரகாம் கிரீன் 1958-இல் எழுதிய 'அவர் மேன் இன் ஹவானா'வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. கியூபாவின் தலைநகரான ஹவானாவில் தூசு உறிஞ்சும் கருவி விற்கும் வோர்மால்ட் என்பவர், பணத் தேவைக்காக ஒற்றராகச் சேர்ந்து, இல்லாத ஆட்களைத் தம் கீழ் வேலை செய்வோராகக் கணக்குக் காட்டுகிறார். தாம் விற்கும் கருவியின் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலையில் கட்டப்படும் இரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். லண்டனில் இருப்பவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள். இன்னோர் ஒற்றரால் ஒற்றித் தெளிய அவர்களுக்கு மனமில்லை. வந்த செய்தி அவர்கள் எதிர்பார்த்ததாகவே இருந்தது. பின்னர் அந்தக் கற்பனைப் பெயர்களுக்காக மெய்யான மனிதர்கள் சாகத் தொடங்குகிறார்கள். கிரீனும் போர்க்காலத்தில் உளவுத் துறையில் இருந்தவர், அதிலும் ஃபில்பியின் கீழேயே வேலை பார்த்தவர் என்பதை அறிந்து படித்தால், அந்த நாவலின் சிரிப்புக்கு அடியில் இருக்கும் அச்சம் புரியும். கியூபாவில் மெய்யாகவே ஏவுகணைகள் இருப்பது வெளிப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபரில்.

எரிக் ஆம்ப்ளர் 1938-இல் எழுதிய 'எபிடாஃப் ஃபார் எ ஸ்பை' கதையில் ஒற்றர் வேலையே தெரியாத ஒரு மொழி ஆசிரியர் மாட்டிக்கொள்கிறார். அவர் கழுவக் கொடுத்த படச்சுருளில் கடற்படைத் தளத்தின் படங்கள் இருக்கின்றன, கேமரா மாறிப்போயிருக்கிறது. எந்த நாடும் தம் குடிமகன் என்று ஏற்காத அந்த மனிதர், விடுதியில் தங்கியிருப்பவர்களில் உண்மையான ஒற்றரைத் தாமே கண்டுபிடித்தாக வேண்டும். காலை உணவு மேசையில் வணக்கம் சொல்லும் ஒவ்வொருவரையும் ஐயத்தோடு பார்க்க வேண்டிய அந்த நிலை, எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஒருவருக்கு நேரக்கூடியது.

முடிவு முன்பே தெரிந்தாலும் சுவை குறையாத நாவல் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஃபிரடெரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' 1971-இல் வெளிவந்தபோது, பிரெஞ்சு அதிபராக இருந்த தெ கோல் எந்தக் கொலையாளியின் கையாலும் சாகவில்லை, முந்தைய ஆண்டு தம் வீட்டில் இயற்கையாகவே இறந்தார் என்பது எல்லா வாசகருக்கும் தெரியும். ஆயினும், அவரைக் கொல்லக் கிளம்பும் கதையின் கொலையாளி, இறந்துபோன குழந்தை ஒன்றின் பெயரில் கடவுச்சீட்டுப் பெறுவதையும், தனியாகச் செய்வித்த துப்பாக்கியைக் காட்டில் சோதித்துப் பார்ப்பதையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் படித்தோம். அங்கே முடிவை நம் கையில் கொடுத்தது வரலாறு. அதை அறிந்தே ஆசிரியர் கதையை அமைத்தார். லெ காரே அப்படி அமைக்கவில்லை. நான்கைந்து பேரை நம் முன் நிறுத்தி, ஒவ்வொருவரையும் நாம் விரும்பும்படியும் வெறுக்கும்படியும் செய்கிறார். அதில் ஒரு பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த மனிதர் அறைக்குள் வரும் ஒவ்வொரு முறையும் வாசகர் இழப்பது மிகப் பெரிது.

இவ்வகை நூல்களில் பழையதாகிப்போனவை இருக்கின்றன. ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங் பெண்களையும் பிற இனத்தாரையும் எழுதிய விதம் இன்று என்னால் பொறுக்க முடிவதில்லை. ஆனால் கைபேசி இல்லை என்பதால் ஒரு நாவல் பழையதாகிவிடாது. லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்', சுவர் எழுந்து இரண்டே ஆண்டுகளில், 1963-இல் வெளிவந்தது. அதன் முதல் காட்சியில், பெர்லினின் சோதனைச் சாவடியில் ஒருவர் தம் ஆள் கிழக்கிலிருந்து தப்பி வருவதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறார். வருவாரா, பிடிபட்டுவிட்டாரா, யாராவது காட்டிக்கொடுத்துவிட்டார்களா என்று எதுவும் தெரியாது. செய்தி மெதுவாக வந்த காலம் என்பதால்தான் மனிதர்களுக்கு ஐயப்படுவதற்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை இன்றைய வாசகருக்கும் தருவதற்கு அந்த நாவலால் முடிகிறது.

டிங்கர் டெய்லரை நான் முதலில் படித்தது கல்லூரி நாட்களில். இரண்டாம் முறை படிக்கும்போது வயது நாற்பதைக் கடந்திருந்தேன். முதல் முறை துரோகியைத் தேடினேன். இரண்டாம் முறை, அவருடைய நண்பர்கள் உள்ளூர அறிந்திருந்தும் அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் தவித்ததைக் கண்டேன். பல இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் முறை நானும் அவர்களைப் போலவே ஏமாந்திருந்ததால்தான் அந்தத் தவிப்பு எனக்குப் புரிந்தது.

இப்போது என் மகள் அந்த நாவலைப் பாதிவரை படித்திருக்கிறாள். தங்கள் இதழை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன். இத்தகைய நூல்களை அறிமுகம் செய்யும் கட்டுரைகளைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்றே விரும்புகிறேன். கட்டுரையாளர்கள் முடிவைச் சொல்லாமல் எழுதும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டுரையின் தொடக்கத்திலேயே அதை ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி