ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

வனத்துறை உயர் அதிகாரிகளுக்கும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்து ஆடு, மாடு வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. நட்சத்திர ஆமைக்கு நீங்கள் வாங்கித் தந்த பாதுகாப்பை உங்களுக்கே நான் சொல்லத் தேவையில்லை. 2019-இல் ஜெனீவாவில் இந்தியாவும் சேர்ந்து கேட்டுத்தான் வன உயிரின வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் இணைப்பில், அதாவது நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யக்கூடாத காட்டு உயிரினங்களின் பட்டியலில், அது ஏறியது. 2022 திருத்தத்தில் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. கடத்தினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. நல்லது. அந்தத் தடை ஒரு நூல்கூடத் தளரக்கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

ஆனால் போன ஐப்பசியில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் காட்டில் ஆடு மேய்க்கும் ஆத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மழை விட்டதும் கொழுக்கட்டைப் புல் துளிர்த்திருந்த இடத்தில், கிளுவை வேலி ஓரமாக ஒரு ஆமையைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை அகலம்தான். ஓட்டின் ஓரத்தில் துளை போட்டு, நைலான் கயிறு கோத்திருந்தது. துளையைச் சுற்றிப் புண். யாரோ கட்டி வைத்திருந்து, அது அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கூடையில் ஈரச் சாக்கைப் போட்டு அதை வைத்து, ஆத்தாவும் நானும் இரண்டு பஸ் மாறிப் போனோம். முதல் அலுவலகத்தில் "இது எங்க எல்லை இல்லை" என்றார்கள். அடுத்த இடத்தில் காலை 11 மணிக்கு உட்கார்ந்தவர்களை மாலை 5 மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க புடிச்சே?" அப்புறம் வெள்ளைத் தாளில் ஆத்தாவின் கைநாட்டு. அதில் என்ன எழுதப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீதும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆத்தா, "என்னைய ஜெயில்ல போட்டுருவாங்களா கண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டார். மார்கழியில் இன்னொரு ஆமையைப் பார்த்தபோது கோலால் வேலிக்குள் தள்ளிவிட்டு வந்துவிட்டாராம். என்னிடம்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

ஆமை வாங்குகிறவன் பைக்கில் வீட்டு வாசலுக்கே வருகிறான். "ஏனுங்க ஆத்தா, சௌக்கியமுங்களா" என்று கேட்டுவிட்டுக் கையில் பணம் கொடுக்கிறான். விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறீர்கள், பத்திரிகையில் படம் வருகிறது. அந்தப் பெட்டி நிறைவது எங்கள் காடுகளில் அல்லவா? இங்கே காதும் கண்ணுமாக இருக்கிற ஆட்களைப் பயமுறுத்தி வாயை மூட வைத்துவிட்டால், உங்களுக்குத் தகவல் சொல்ல யார் மிச்சம்?

கொறங்காடுகளும் வேகமாகக் குறைந்துகொண்டுதான் வருகின்றன. வேலியைப் பிடுங்கி சைட் போடுகிறார்கள். உச்சி வெயிலில் அந்த ஆமை ஒதுங்குகிற நிழலே அந்தக் கிளுவைதான். அதைக் கேட்பார் இல்லை என்கிற ஆற்றாமையும் எனக்கு உண்டு. சரி, அது தனி மடலுக்கான விஷயம்.

இப்போது தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தவரைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள். கூப்பிட்டால் ஊருக்கே வந்து வாங்கிக்கொள்ள ஒரு போன் நம்பர், வாங்கியதும் தமிழில் ஒரு ரசீது. இவ்வளவுதான். அடுத்த மழைக்கு முன் அந்த நம்பரை எங்கள் ஊர் பால் சொசைட்டி சுவரில் எழுதிவையுங்கள். ஆத்தாவுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

பணிவுடன்,
காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்காரன்